கையும் கருத்தும்

சம்மட்டி ஏந்திய தொழிலாளி ஒருபுறம். ஏடு ஏந்திய அறிஞர் மறுபுறம். இருவருக்கும் நடுவே ஒரு பீடம். பீடத்திலே, 'விஞ்ஞானமும் கலைகளும்' என்று பொருள்படும் சொற்கள். அடியிலே இலத்தீன் மொழியில் மூன்றே சொற்கள் - 'மென்ஸ் எட் மானுஸ்'. கருத்தும் கையும் என்பது அவற்றின் பொருள்.

1864-ஆம் ஆண்டிலே ஏற்கப்பட்ட இலச்சினை இது. எந்த அரசனுடைய இலச்சினை? அரசனுடையதன்று. எந்த ஆலயத்தின் இலச்சினை? ஆலயத்தினுடையதுமன்று. அமெரிக்க நாட்டின் மாசாசூசெட்ஸ் மாநிலத்திலே தனியார் முயற்சியால் தோன்றி, இன்று 'எம்.ஐ.டி.' என்ற மூன்றெழுத்தால் உலகெங்கும் அறியப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இலச்சினை. எம்.ஐ.டி. என்றதும் நம்மவர் பலருக்குக் குரோம்பேட்டை நினைவுக்கு வரும். 1949-இல் சி. இராசம் தம் மாளிகையை விற்றுத் தொடங்கிய அந்தக் கல்விக்கூடத்தின் கதை தனியே எழுதத்தக்கது. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு மூத்த, பாஸ்டன் நகரிலே பிறந்த எம்.ஐ.டி.யின் கதையை.

எங்கோ ஏழு கடல் கடந்து கிடக்கும் கல்விக்கூடத்தின் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள், அந்த இலச்சினையை இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம் நாட்டிலே சம்மட்டி ஏந்தியவன் ஏட்டைத் தொட்டால் குற்றம்; ஏடு ஏந்தியவன் சம்மட்டியைத் தொட்டால் இழிவு. இதுதானே மனு வகுத்த நீதி? வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரமும், வில்வித்தையைத் தானே கற்றுத் தேர்ந்த ஏகலைவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையும், கையையும் கருத்தையும் பிரித்து வைப்பதற்காகவே பிறந்தவை. பிரிந்தவை இரண்டும் கெட்டன. கருத்தில்லாக் கை அடிமையாயிற்று. கையில்லாக் கருத்து புராணம் அளந்தது. ஆகவேதான், இரண்டையும் ஒரே இலச்சினையில் நிறுத்திய கூடம் சொன்னபடி நடந்ததா, நடக்காதபோது யார் நடக்க வைத்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

அந்தக் கூடத்தைக் கண்டவர் வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ். 1804-இல் பிறந்தவர். நிலவியல் அறிஞர். விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலே பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்துவிட்டு, 1853-இல் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். அந்நாளில் கல்லூரி என்றால் கிரேக்கமும் இலத்தீனும். கற்றவர் என்றால் மதகுருவோ வழக்கறிஞரோ. ஆனால் நாட்டிலோ இரயில் ஓடத் தொடங்கிவிட்டது, நூற்பாலைகள் புகை கக்கின, சுரங்கங்கள் ஆழ்ந்தன. இவற்றை நடத்தும் அறிவு எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? அந்தக் கேள்விக்கு விடையாகவே ராஜர்ஸ் தம் திட்டத்தை வகுத்தார். 1861 ஏப்ரல் 10-ஆம் நாள் மாநில ஆளுநர் கழகத்தின் சாசனத்தில் கையெழுத்திட்டார். இரண்டே நாட்களில், ஏப்ரல் 12-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது! அடிமைகளை விடுவிப்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி நாட்டையே பிளந்தது. போர் முடியும் தறுவாயில், 1865 பிப்ரவரியிலே, வாடகை அறைகளில் 15 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின.

தனியார் கூடமென்று சொன்னோம். ஆயினும் தனியார் பணத்தால் மட்டுமே வளர்ந்ததென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டப்படி, வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்க மாநிலங்களுக்குப் பொதுநிலம் வழங்கப்பட்டது. மாசாசூசெட்ஸ் பெற்ற நில வருவாயிலே பத்தில் மூன்று பங்கு இக்கழகத்துக்கு வந்தது. அந்தப் பொதுநிலம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து பறித்ததுதான். தனியார் திறமையின் வெற்றி என்று பேசப்படும் இடங்களில் அடித்தளத்தைத் தோண்டினால், மக்கள் சொத்து தட்டுப்படுகிறது.

இனி, பாடம் நடந்த முறையைப் பார்ப்போம். ஆசிரியர் மேடையில் சோதனை செய்து காட்ட, மாணவர் வாய்பிளந்து பார்ப்பதுதான் அந்நாளைய வழக்கம். எட்வர்டு பிக்கரிங் என்ற இளம் பேராசிரியர் 1869-இல் இக்கழகத்திலே இயற்பியல் ஆய்வுக்கூடத்தை அமைத்து, மாணவர் தம் கையாலேயே அளந்து அறியும்படி செய்தார். 1876-இல் பிலடெல்பியாவிலே பெரும் பொருட்காட்சி நடந்தது. கழகத் தலைவர் ஜான் ரங்கிள் அங்கே மாஸ்கோ தொழிற்பள்ளியின் பயிற்சிமுறையைக் கண்டார். அரம், உளி, கடைசல் எந்திரம் ஆகியவற்றைப் படிப்படியாகக் கையாளக் கற்றுக்கொடுக்கும் முறை அது. திரும்பி வந்ததும் பட்டறைப் பயிற்சியைப் பாடத்திட்டத்திலே சேர்த்தார்.

இந்த இடத்திலே தோழர்களுக்கு ஓர் ஐயம் எழும், எழவேண்டும். "கைத்தொழிலோடு கல்வி என்றுதானே 1953-இல் ஆச்சாரியாரும் சொன்னார்? அதை நாம் எதிர்க்கவில்லையா?" எதிர்த்தோம், 1954-இல் அது ஒழிந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது அந்தத் திட்டம். வண்ணார் மகனுக்கு வெளுப்பு, குயவர் மகனுக்குச் சக்கரம், அர்ச்சகர் மகனுக்கு மந்திரம்! பாஸ்டன் பட்டறையிலோ யாருடைய மகன் என்று கேட்டு உளியைக் கொடுக்கவில்லை. வணிகர் மகனும் உலையடியில் நின்றான். உலையடியில் நின்றவனே கணக்கும் வேதியியலும் கற்றான். அங்கே கைத்தொழில், கற்பவன் ஏறும் படி. இங்கே அவனைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. கையையும் கருத்தையும் இணைக்கக் கனவு கண்ட அதே ராஜர்ஸ், விர்ஜீனியாவில் வாழ்ந்த காலத்திலே அடிமைகளை வைத்திருந்தவர். 1850-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு அவர் வீட்டில் ஆறு அடிமைகள் இருந்ததைக் காட்டுகிறது. அவர்களுடைய கை உழைத்தது. அவருடைய கருத்து வளர்ந்தது! இந்த உண்மையை வெளியிட்டவர்கள் பகைவர்கள் அல்லர். கழகத்தின் ஆவணக் காப்பகத்தாரும், வரலாற்றுப் பேராசிரியர் கிரெய்க் வைல்டரும், அவருடைய மாணவர்களும் ஏடுகளைப் புரட்டிக் கண்டெடுத்து, 2018-இல் ஊரறியச் சொன்னார்கள். நிறுவியவர் என்பதற்காக அவரைத் தெய்வமாக்கிக் கும்பிடவில்லை. அடிமை வைத்திருந்தார் என்பதற்காக அவர் கட்டியதை இடித்துத் தள்ளவும் இல்லை. உண்மையை எழுதி மாணவர் முன் வைத்தார்கள். நம் நாட்டிலே ஒரு மடத்தின் வரலாற்றை அந்த மடமே இப்படி எழுதுமா?

இலச்சினையில் இருவர் நிற்கிறார்கள் என்றோம். இருவரும் ஆண்கள், இருவரும் வெள்ளையர். மற்றவர்க்குக் கதவு எப்படித் திறந்தது?

எல்லென் ஸ்வாலோ என்ற பெண் வேதியியல் கற்க வந்தார். கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கட்டணம் வாங்கவில்லை. அருளா அது? இல்லை. எவராவது எதிர்த்துக் கேட்டால், "இவர் எங்கள் மாணவியே அல்லர்" என்று சொல்லித் தப்பிப்பதற்கான வழி! பின்னாளில் அதை அறிந்த அவர், முன்பே தெரிந்திருந்தால் அப்படிச் சேர்ந்திருக்கமாட்டேன் என்றார். 1873-இல் பட்டம் பெற்றார்; அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அதோடு நின்றாரா? 1876-இல் பெண்களுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமையக் காரணமானார். பெண்கள் மற்ற மாணவரோடு ஒன்றாகவே பயிலும் நிலை வந்ததும், 1883-இல் அந்தத் தனிக்கூடம் மூடப்பட்டது. மாசாசூசெட்ஸ் மக்கள் குடிக்கும் நீரை ஊர் ஊராக ஆராயும் பெரும்பணி 1887-இல் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகள் அவருடைய மேற்பார்வையிலேதான் சோதிக்கப்பட்டன. கங்கை நீர் புனிதம் என்று கும்பிட்டுக் குடிக்கும் நாடு நம்முடையது. அந்தப் பெண்மணியோ நீரைக் கும்பிடவில்லை. குடுவையில் ஊற்றிச் சோதித்தார். எது மக்களைக் காக்கும்?

அடுத்து இராபர்ட் ராபின்சன் டெய்லர். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றுத் தச்சராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்தவரின் மகன். 1888-இல் கட்டடக்கலை பயிலச் சேர்ந்து 1892-இல் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே வசதியாக வாழ்ந்திருக்கலாம். புக்கர் வாஷிங்டன் அழைத்தார். தெற்கே டஸ்கேகிக்குச் சென்றார். கறுப்பு மாணவர்கள் தம் கையால் சுட்ட செங்கல்லைக் கொண்டே, அவர் வரைந்த கட்டடங்களை எழுப்பினார்கள். பாஸ்டன் இலச்சினை சொன்னதை முழுமையாக நடத்திக் காட்டியவர், அந்த இலச்சினையில் இடம்பெறாத இனத்தைச் சேர்ந்தவர்! 2015-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது.

கழகமோ வறுமையோடு போராடியது. அருகிலேயே ஆர்வர்டு, செல்வத்தில் திளைத்த பழம்பெரும் பல்கலைக்கழகம். 'பாஸ்டன் டெக்' என்று மக்கள் அழைத்த இந்தச் சிறுகூடத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ள அது பலமுறை முயன்றது. 1905-இல் ஏறக்குறைய முடிந்தே விட்டது. ஆசிரியர் குழு வாக்கெடுத்தது: எதிர்ப்பு 56, ஆதரவு 7. ஆட்சிக்குழு அப்போதும் கேட்கவில்லை. கடைசியில், கழகத்தின் நிலத்தை விற்க இயலாதென்று மாநிலத்தின் உச்ச வழக்குமன்றம் தீர்ப்புரைத்ததும் இணைப்பு முறிந்தது, கழகம் பிழைத்தது.

பிறகு வந்தார் 'திருவாளர் ஸ்மித்'. 1912-இல் பெயர் தெரியாத ஒருவர் புதுக் கட்டடங்களுக்காக 25 இலட்சம் டாலர் கொடுத்தார். மேலும் மேலும் கொடுத்தார். யார் அந்த ஸ்மித் என்று மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர் கோடாக் கம்பெனியின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பது 1920-இல்தான் வெளியாயிற்று. பதினான்கு வயதிலே பள்ளியை விட்டவர். தம் தொழிற்சாலையிலே இக்கழக மாணவர்களின் திறமையைக் கண்டவர். அந்தப் பணத்தால் சார்லஸ் ஆற்றின் அக்கரையில், கேம்பிரிட்ஜ் நகரிலே புது வளாகம் எழுந்தது; 1916-இல் கழகம் ஆறு கடந்தது. பத்து ரூபாய்க்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, விளக்கே தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதும் நம் ஊர்ப் புண்ணியவான்களை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

புது வளாகத்தின் சுவர் உச்சியிலே பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. யார் பெயர்கள்? நியூட்டன், டார்வின், கோபர்நிக்கஸ், பாரடே, பாஸ்டர், ஆர்க்கிமிடிஸ்... பூமி சுற்றுகிறது என்றவனும், மனிதன் விலங்கிலிருந்து வந்தவன் என்றவனும் கோபுர உச்சியில்! அந்தச் சுவர்களுக்கு உள்ளே, 251 மீட்டர் நீளமான ஒரு நடை. மாணவர் அதை 'முடிவிலா நடை' என்பார்கள். ஆண்டில் இரு பருவங்களிலே மறையும் சூரியனின் ஒளி ஒரு முனையில் புகுந்து மறு முனைவரை பாயும். அந்த நாளைப் பஞ்சாங்கம் பார்த்து அல்ல, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துக் கூடி நின்று பார்க்கிறார்கள். அங்கே கட்டடங்களைப் பெரும்பாலும் எண்ணால் அழைப்பார்கள், துறைகளையும் அப்படியே. "நான் ஆறு" என்றால் மின்பொறியியலும் கணினியும் கற்பவன் என்று பொருள். சாதிப்பட்டம் போல எண்ணா என்று கேட்காதீர்கள்; இந்த எண்ணை மாணவன் தானே தேர்ந்தெடுக்கிறான், விரும்பினால் மாற்றிக்கொள்கிறான்!

விளையாட்டும் உண்டு. 1958-இல் மாணவர் சிலர் ஆலிவர் ஸ்மூட் என்ற தம் தோழரைப் பாலத்தின் மேல் படுக்க வைத்து, எழுப்பி, மறுபடியும் படுக்க வைத்து, அவர் உயரத்தையே அளவுகோலாக்கி ஆற்றுப் பாலத்தை அளந்தார்கள். 364.4 ஸ்மூட்டும் ஒரு காதும் என்பது முடிவு. அந்த ஸ்மூட் பின்னாளில் அனைத்துலகத் தர அமைப்பின் தலைவரானார்! 1994-இல் ஒரு நாள் பொழுது விடிந்தபோது, கழகத்தின் பெரிய குவிமாடத்தின் உச்சியிலே போலீஸ் கார் ஒன்று நின்றது. உண்மைக் காரின் புறத்தகடுகளைக் கழற்றி மேலேற்றிப் பொருத்திய மாணவர் வேலை. கணினி உலகில் வழங்கும் 'ஹேக்கர்' என்ற சொல்லும், 1946-இல் அங்கே தோன்றிய பொம்மை இரயில் மன்றத்து மாணவரிடையே வளர்ந்ததுதான்.

மதிப்பெண் பட்டியலோடு நாள்தோறும் மல்லாடும் ஆசிரியர்களான நம்மைத் தொட்ட செய்தி வேறொன்று. அங்கே முதற்பருவ மாணவனின் தோல்வி அவனுடைய நிலையான பதிவேட்டில் ஏறுவதில்லை. பல்வேறு பள்ளிகளிலிருந்து வருபவர் ஒரே தரையில் கால் ஊன்ற அவகாசம் வேண்டும் என்பதை ஏற்றதன் விளைவு அது. நம் ஊரிலோ, கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முதல் தடுமாற்றமே அவன் நெற்றியில் குத்தும் முத்திரையாகிவிடுகிறது. அந்த வளாகத்திலும் துயரம் இல்லாமலில்லை. 1997-இல் மாணவர் சங்க விடுதி ஒன்றிலே மதுவால் முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2002 முதல் முதலாண்டு மாணவர் அனைவரும் வளாகத்து விடுதிகளிலேயே தங்கவேண்டும் என்ற விதி வந்தது.

அறிவு யாருக்குப் பயன்படுவது என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் ராடார் கருவியை வளர்த்தது அக்கழகத்தின் ஆய்வுக்கூடம். போர் முடிந்தபின்னும் படைத்துறைப் பணம் பாய்ந்தது. கணித மேதை நார்பர்ட் வீனரிடம், ஏவுகணைப் பணியில் ஈடுபட்ட ஒருவர் அவருடைய போர்க்கால ஆய்வேட்டைக் கேட்டார். தர மறுத்தார் வீனர். மறுப்பை 1947-இல் 'அட்லாண்டிக்' இதழில் வெளியிட்டார். 1969 மார்ச் 4-ஆம் நாள், வியட்நாம் போர்க்காலத்திலே, ஆசிரியரும் மாணவரும் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, "நாம் செய்வது யாருக்காக?" என்று நாள்முழுதும் பேசினார்கள். ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவிகள் செய்த ஆய்வுக்கூடம் 1973-இல் கழகத்திலிருந்து பிரிந்தது. படைத்துறை ஆராய்ச்சி முற்றும் ஒழியவில்லை. ஆயினும் கேள்வி எழுந்தது பெரிது.

பெண்களின் கதை எல்லென் ஸ்வாலோவோடு முடியவில்லை. நான்சி ஆப்கின்ஸ் என்ற உயிரியல் பேராசிரியை, தமக்கு ஆய்வுக்கூட இடம் குறைவென்றார், எவரும் நம்பவில்லை. அவர் அழவில்லை, அளவுநாடாவை எடுத்தார்! ஆண்களின் ஆய்வுக்கூடங்களையும் பெண்களின் ஆய்வுக்கூடங்களையும் அடி அடியாக அளந்தார். 1994-இல் விஞ்ஞானப் பிரிவிலே நிலையான பதவி பெற்ற ஆண்கள் 194 பேர். பெண்கள் 15 பேர். பெண் பேராசிரியர்கள் ஒன்றுகூடினர். 1999-இல் அறிக்கை வெளிவந்தது. வேற்றுமை இருந்ததைக் கழகத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். அநீதியை அளந்து காட்டலாம் என்பது அந்த நாடா தந்த பாடம். வகுப்புவாரிக் கணக்கு கேட்டு நம் இயக்கம் செய்ததும் அதுவே அன்றோ?

இப்போது நம் உள்ளத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறோம். 2023-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே விளைவு தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் புதிய மாணவரில் ஏறத்தாழ நூற்றுக்கு 13 பேர் கறுப்பராக இருந்தனர். 2024-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 5 பேர்! ஒரே ஆண்டில் கறுப்பினத்தின் மூளை சுருங்கிப்போயிற்றா? இல்லையே! சுருங்கியது கதவு. முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதற்காகத் தனிச்சலுகை தராத கழகம் அது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தாராளமாகத் தரும் கழகம் அது. அத்தகைய இடத்திலேயே இந்தக் கதியென்றால், 'தகுதி, திறமை' என்ற சொற்கள் எவ்வளவு பெரிய திரை என்பது விளங்கும். 1951-இல் பொறியியல், மருத்துவக் கல்லூரி இடங்கள் பற்றிய வழக்கில் நம் வகுப்புவாரி ஆணையை இந்திய உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. தமிழகம் பொங்கியது, அந்த ஆண்டிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கக் கறுப்பருக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் நேரான தொடர்பும் உண்டு. 1945-இல் அமைந்த சர்க்கார் குழு, எம்.ஐ.டி.யை முன்மாதிரியாகக் கொண்டு நான்கு திசைகளிலும் உயர் தொழில்நுட்பக் கூடங்கள் வேண்டுமென்றது. 1951-இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று, சென்னைக்கு 1959-இல் ஜெர்மானிய உதவியோடு வந்தது. பெயரைப் பார்த்தார்கள், பாடத்தைப் பார்த்தார்கள், எந்திரங்களைத் தருவித்தார்கள். ஆனால் நாட்டின் கைகளான மக்களுக்குக் கதவைத் திறக்க மறந்தார்கள்! தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு 1973-இல்தான் வந்தது. பிற்படுத்தப்பட்டோர் 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. முத்திரையைக் கடன்வாங்குவது எளிது. முத்திரையின் பொருளை நடத்துவது அரிது.

எல்லென் ஸ்வாலோ தட்டினார், திறந்தது. டெய்லர் நுழைந்தார், தம் மக்களுக்காகக் கட்டினார். ஆப்கின்ஸ் அளந்தார், ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கதவும் தானே திறக்கவில்லை; திறந்த கதவும் காவல் இல்லாவிட்டால் மூடிக்கொள்கிறது. இதுவே இவ்வரலாறு நமக்குச் சொல்வது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். 2001-இல் அக்கழகம் தன் பாடங்களை உலகத்தார் எவரும் காசின்றிக் கற்கும்படி இணையத்தில் வெளியிட முடிவு செய்தது. இன்றும் அவை கிடைக்கின்றன. ஈயம் காய்ச்சுவாரில்லை, கட்டைவிரல் கேட்பாரில்லை. நம் படிப்பகங்களிலே மாலைநேரத்தில் ஒரு கணினியை வைத்து, ஆங்கிலம் அறிந்த ஒருவர் அருகிருந்து விளக்க, பட்டறையிலிருந்து கரிபடிந்த கையோடு வரும் தம்பியும், தையற்கூடத்திலிருந்து வரும் தங்கையும் அந்தப் பாடங்களைக் கேட்கச் செய்வது நம்மால் ஆகாத செயலா? முதலில் ஒரு படிப்பகத்தில் தொடங்குவோம். கரிபடிந்த அந்தக் கை ஏட்டைப் புரட்டட்டும்!